செருமும் செடி

இக்னேஷியஸை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள் காப்பியைக் குடித்து, என் கையைப் பிடித்து, பிடித்த கையை எப்போது விடுவது என்று தெரியாமல் கொஞ்சம் நின்று, பிறகு ஒவ்வொருவராகக் குடையை விரித்துக்கொண்டு படியிறங்கிப் போன சாயங்காலத்தில், வாசலில் பழைய பெயின்ட் டப்பாவில் இருந்த அவருடைய ஜெரேனியம் தொண்டையைச் செருமியது. நான் உள்ளேயிருந்து, “என்ன?” என்றேன்.

வேறென்ன கேட்பது? கல்யாணமான நாளிலிருந்து அவர் செருமுவார், நான் என்ன என்பேன், அவர் ஒன்றுமில்லை என்பார். எங்கள் குடும்பப் பேச்சில் பாதி அதுதான். கான்வென்ட்டில் படித்து, முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்பதுவரை கற்றுக்கொண்ட என்னை மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்தவருக்குக் கட்டிவைத்தார்கள். பெட்டிக்கு வெளியே கொடியும் கையுமாக நின்று, மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் நடுவில் இருக்கிற அத்தனை பனியையும் விழுங்கி விழுங்கி, அவர் தொண்டையில் எப்போதும் ஒரு சின்ன மேகம் தங்கியிருந்தது. முதலில் ஓர் இழுப்பு, பிறகு இரண்டு சிறு தட்டு, கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஆளைப் போல. ஜெரேனியமும் அப்படியேதான் செருமியது. வெளியே வந்து பார்த்தேன். இலைகள் நனைந்திருந்தன, ஒரு பூங்கொத்து கழுத்தைத் தொங்கப்போட்டிருந்தது. துவைக்கிற கல்மேல் யாரோ விட்டுப்போன டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அன்றைக்குக் கழுவ வேண்டிய டம்ளர்கள் நிறைய இருந்தன.

குன்னூரில் எங்கள் சரிவு எப்படியென்றால், ஒரு வீட்டின் கூரை மேல்வீட்டுக்காரரின் கால்மட்டத்தில் இருக்கும். ஒரே ஒரு படிக்கட்டு, அடியில் ரயில்வே கேட்டில் புறப்பட்டு, இடதும் வலதுமாக வீடுகளை உதிர்த்துக்கொண்டே உச்சியில் யூகலிப்டஸ் மரங்கள்வரை ஏறும். இங்கே யாருக்கும் ரகசியம் என்று ஒன்று கிடையாது. எனக்கு மேல்வீட்டில் தனியாக இருக்கிற கோமதிநாயகம், ரிட்டயரான தபால்காரர், மறுநாளே தடுப்புச்சுவரில் குனிந்து, சார் செருமின மாதிரி கேட்டதே என்றார். செடி செருமியது என்றேன். அப்படியா என்று கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். இந்த வருஷம் பனி ஜாஸ்தி, எல்லாத்துக்கும் தொண்டை கட்டத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு, தன் வேட்டியை உதறிக் கொடியில் போட்டார். கோயிலிலிருந்து பாதர் அல்ஃபோன்ஸ் வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, காத்திருந்து, செருமலைக் கேட்டு, மரியாதைக்குத் தானும் ஒரு செருமு செருமினார். ஞானோபதேசத்தில் இதற்கு எதிராகவும் ஒன்றும் இல்லை, ஆதரவாகவும் ஒன்றும் இல்லை, தண்ணீரை மட்டும் குறைத்து விடு ஜெசிந்தா என்று சொல்லிவிட்டுப் போனார். பால்காரர் இரண்டு நாள் “சார், பால்” என்று செடியிடம் சொல்லிப் பார்த்தார்; பதில் வராததால் மறுபடி என்னிடமே சொல்லத் தொடங்கினார்.

எங்கள் சரிவின் ஒரு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நட்டு வளர்க்கக் குச்சி வேண்டுமென்றால் இங்கே யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள், யாரும் கொடுக்கவும் மாட்டார்கள், திருடத்தான் வேண்டும். கொடுத்த குச்சி அழுகும், திருடிய குச்சி வேர் பிடிக்கும் என்பது இவர்கள் வேதம். திருடவும் ஒரு முறை இருக்கிறது. பகலில் வரவேண்டும், வீட்டுக்காரர் வீட்டில் இருக்கும்போது வரவேண்டும், வந்தவரைக் கண்டதும் வீட்டுக்காரர் முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். திருப்பியாயிற்று என்று வந்தவருக்குத் தெரிவதற்காக ஒருத்தி பாத்திரத்தை உருட்டுவாள், ஒருத்தி பூனையைத் திட்டுவாள், பூனை இருந்தாலும் இல்லாவிட்டாலும். இக்னேஷியஸ் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று செருமுவார். விதைக்குச் சட்டம் வேறு: விதையைத் திருடினால் முளைக்காது, ஒரு கை கொடுக்க இன்னொரு கை வாங்க வேண்டும். நானோ களவு செய்யாதே என்கிற ஏழாம் கட்டளையை சிஸ்டர் பெர்னதெத்திடம் பிரம்பு முனையில் படித்தவள். முதுகைத் திருப்பிக்கொண்டால் களவு களவில்லை என்று அவர் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஆக, செடி செருமத் தொடங்கியதும் சரிவு அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டது. முதலில் வந்தவள் எனக்கு அடுத்த கீழ்வீட்டு மெஹருன்னிசா. அவள் வீட்டுக்காரர் சவூதியில் தம்மாமில் லாரி ஓட்டுகிறார், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பேரீச்சம்பழத்தோடு வந்து போவார். வீட்டில் அவளும் வயசுக்கு வந்த மகளும்தான். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் நின்றாள், செடி செருமியது, அவள் தலையை லேசாகச் சாய்த்து அதை ஏற்றுக்கொண்டு, பிளேடை எடுத்து, கணுவுக்குக் கீழே சாய்வாக ஒரு வெட்டு வெட்டி, குச்சியை முந்தானையில் சுற்றினாள். நேர்த்தியான வேலை. நான் முதுகைத் திருப்பவில்லை. வெளியே வந்தேன்.

“என் புருஷனை எங்கேடி கொண்டு போறே?”

“குச்சிதானேக்கா,” என்றாள். அப்புறம், பார்க்கப்பட்டுவிட்டவள் இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்பது போல, “வீட்ல ஒரு ஆம்பளைச் சத்தம் இருக்கட்டும்னு நெனச்சேன். ராத்திரி கதவு ஆடினாக்கூட புள்ள பயப்படுது.”

“அதுக்கு என் வீட்டு ஆம்பளைதான் கிடைச்சாரா, கள்ளி.”

அவள் ஓடவில்லை. படியிறங்கிப் போனாள், ஒவ்வொரு படியையும் மிதித்து. சரிவு முழுக்க அன்றைக்கே தெரிந்துவிட்டது. நான் திட்டியது யாருக்கும் பெரிதாகப் படவில்லை, என் வாய் அவர்களுக்குப் பழக்கம்தான். நான் பார்த்துவிட்டேன் என்பதுதான் அவர்களால் ஜீரணிக்க முடியாததாக இருந்தது. மறுநாள் கடைத்தெருவிலிருந்து கோழிவலை வாங்கிவந்து செடியைச் சுற்றிக் கட்டினேன். அதன்பிறகு என் வாசலுக்கு யாரும் வரவில்லை. படியில் எதிர்ப்பட்டால் சிரிப்பார்கள், சாப்பாடு ஆயிற்றா என்பார்கள். என் வீட்டைக் கடக்கும்போது மட்டும் பூட்டிக் கிடக்கிற வீட்டைக் கடப்பது போலக் கடப்பார்கள்.

மெஹரின் குச்சி வேர் பிடித்தது. பிடிக்காமல் என்ன. அவளிடமிருந்து அடுத்த வீடு திருடியது, அடுத்த வீட்டிடமிருந்து அதற்கடுத்தது. அவரவர் அவரவர் முறைக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பி, பூனையைத் திட்டி, இப்படியாக ரயில்வே கேட்டிலிருந்து யூகலிப்டஸ் மரங்கள்வரை வீட்டுக்கு ஒரு இக்னேஷியஸ் ஆனார். குச்சி என்றால் குச்சி. தாய்ச்செடியில் என்ன உண்டோ அதில் ஒரு இம்மி கூடாது, குறையாது. எல்லா வீட்டிலும் அதே இழுப்பு, அதே இரண்டு தட்டு. சரிவு அதைத் தன் சௌகரியத்துக்கு வைத்துக்கொண்டது. மெஹர் வீட்டுக்கு சிலிண்டர் கொண்டுவந்தவன் உள்ளே யாரோ செருமுவதைக் கேட்டு, மகளைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணைத் தரைக்கு இறக்கி, சிலிண்டரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனான். படிக்கட்டின் எட்டாவது திருப்பத்து வீட்டில் தகப்பனில்லாத ஒரு பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, செடியைக் கழுவித் துடைத்து நடுக்கூடத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளையின் மாமா கார் பற்றிப் பேச்செடுத்த நேரம் பார்த்து அது செருமிற்று, அவர் பேச்சை மழைக்கு மாற்றிவிட்டார், கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஒரு வீட்டு மருமகள் அது செருமும்போதெல்லாம் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொள்வாள். கோமதிநாயகம் தன் செடியைச் சதுரங்கப் பலகைக்கு எதிரே வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் தானே ஆடி, சார் யோசிக்க ரொம்ப நேரம் எடுக்கிறார் என்று மேலேயிருந்து என்னிடம் புகார் சொல்வார். உயிரோடு இருந்தபோது அந்த மனிதரை ஒரு சபைக்கும் ஒருவரும் கூப்பிட்டதில்லை. இப்போது அவர் இல்லாமல் ஒரு காரியம் நடக்கவில்லை, நான் ஒருத்தி எங்கும் அழைக்கப்படாமல் இருந்தேன்.

பொறாமை என்று சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. என்னுடையதுதான் மூலம், மற்றதெல்லாம் குச்சி என்று நினைத்தேன். வாசலில் இருந்தால் யாராவது கை வைப்பார்கள் என்று டப்பாவோடு தூக்கி வந்து படுக்கையறையில் வைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன், காற்று பட்டால் தொண்டைக்கு ஆகாதே. காலையில் தண்ணீர், சாயங்காலம் தண்ணீர். செருமினால் என்ன என்று கேட்டு இன்னும் ஒரு டம்ளர். எனக்குப் பொறுமை கிடையாது, மண் காய்கிறவரை காத்திருக்கத் தெரியாது. உள்ளேயே ஒரு தரம் பூத்தது. ஜன்னல் இடுக்கு வழியாக எப்படியோ ஒரு தேனீ வந்துபோயிற்று. பூ உதிர்ந்த இடத்தில் கொக்கின் அலகு மாதிரி விதைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. நான் அதில் மகிழ்ந்துபோயிருந்தபோது அடித்தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் கறுத்தது. கறுப்பு மேலே ஏறியது. செருமல் ஈரமாயிற்று, பிறகு இழுப்பு மட்டும் வந்தது, தட்டு வரவில்லை, பிறகு ஒரு நாள் இழுப்பும் வரவில்லை. தண்டைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் சாயங்காலங்கள் எனக்குச் சரியாகக் கேட்கத் தொடங்கின. விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறும். அதோடு செருமலும் ஏறும். கேட் ஓரத்து வீட்டில் ஒரு செருமல், பிறகு அதற்கு மேல்வீட்டில், பிறகு வளைவில், பிறகு குழாயடி வீட்டில், டியூட்டி முடிந்து அவர் படியேறி வருவாரே அதே நடையில், அதே மூச்சில், ஒவ்வொரு வீடாக மேலே வந்து, மெஹர் வீட்டில் செருமி, அடுத்தது என் வீடு என்று நான் அடுப்பை அணைத்துவிட்டு நிற்க, என்னைத் தாண்டி கோமதிநாயகம் வீட்டில் செருமி, அப்படியே யூகலிப்டஸ் மரங்களுக்குப் போய்விடும். தினமும் வீட்டுக்கு வருகிற ஒரு மனிதர் தினமும் என் வீட்டு வாசலை மட்டும் தவறவிட்டுப் போனார். நான் கதவைத் திறந்து வைத்தும் பார்த்தேன். பனிதான் உள்ளே வந்தது.

விதை இருந்ததே. அது என் செடியின் விதை, என் சொந்த விதை, அதில் களவு கிடையாது. ஆனால் விதையை ஒரு கை கொடுக்க வேண்டும், எனக்குக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? வலது கையால் எடுத்து இடது கைக்கு நானே கொடுத்தேன், நானே வாங்கிக்கொண்டேன். தோல் தடித்த விதை, தண்ணீர் உள்ளே இறங்க வேண்டுமென்று தீப்பெட்டியின் உரசுகிற பக்கத்தில் லேசாகத் தேய்த்து, சலித்த மண்ணும் மணலும் கலந்த தட்டில் போட்டு, மேலே கண்ணாடி டம்ளர்களைக் கவிழ்த்தேன். முளைத்தன. சமையலறை ஜன்னலில் வரிசையாக டப்பாக்களில் மாற்றி வைத்தேன், இந்தத் தடவை விரலை விட்டுப் பார்த்து மண் காய்ந்த பிறகே தண்ணீர்.

ஒன்று தும்மியது. இன்னொன்று கொட்டாவி விட்டது, பெரிய மனிதர் வீட்டுக் கொட்டாவி, வாயைப் பொத்திக்கொள்கிற மாதிரி. மூன்றாவது விக்கியது. ஓரத்தில் இருந்த ஒன்று யாரோ சொல்லப்போகிற ஜோக்குக்கு முன்கூட்டியே சிரிப்பது போல மூக்கால் சிரித்தது. இலையைக் கசக்கினால் ஒன்றில் எலுமிச்சை வாசனை, ஒன்றில் மிளகு. அந்தத் தேனீ எந்த வாசலிலிருந்து எந்தத் தூளைக் காலில் ஒட்டிக்கொண்டு வந்ததோ. இக்னேஷியஸ் அதில் ஒன்றிலும் இல்லை. நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டர் வீட்டு முன்னறையில், டோக்கனோடு உட்கார்ந்திருக்கிற தெரியாதவர்கள் நடுவில் குடியிருப்பது போல எனக்கு ஆயிற்று. அவர்களுக்கு நடுவில் நின்று நான் சாம்பார் கொதிக்கவைத்தேன்.

கோமதிநாயகத்திடம் கேட்டேன். சுவரருகே நின்று, சார், உங்கள் செடியில் ஒரு குச்சி வேண்டும் என்று, மனிதர்கள் மனிதர்களிடம் கேட்கிற மாதிரி கேட்டேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

“வாயைத் திறந்து கேட்டுட்டியேம்மா,” என்றார். “பேசாம ஏறி வந்திருந்தா நான் திரும்பிக்கிட்டிருப்பேன்ல?”

இருந்தாலும் மனசு கேட்காமல் வெட்டிக் கொடுத்தார். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, வெட்டுவாய் காய்வதற்காக ஒரு பகல் செய்தித்தாளில் போட்டுவைத்து, மணலில் நட்டேன், தண்ணீரைத் தெளிக்க மட்டும் செய்தேன். கறுத்து விழுந்தது. பாதர் அல்ஃபோன்ஸ் பங்குவீட்டுச் செடியிலிருந்து தீர்த்தம் தெளித்து ஒன்று கொடுத்தார். அதுவும் விழுந்தது. கோயில் செடியையே பாதி ஊர் திருடிக்கொண்டு போகிறது, நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு திரும்பித்தான் நிற்கிறேன் என்றார். ஏழாம் கட்டளை என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, கட்டளை இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, உனக்குச் செடி வேண்டுமா வேண்டாமா என்றார்.

வேண்டும். திருடுவதென்று ஆன பிறகு யாரிடம் என்று யோசிக்கவே இல்லை. யாரைக் கள்ளி என்று சொன்னேனோ அவள் வீட்டில்தான். வேறு வீட்டில் திருடியிருந்தால் அது வெறும் திருட்டாக இருந்திருக்கும்.

பிளேடைத் தாளில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, சர்ச்சுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு, சாயங்காலம் பனி ஏறுவதற்கு முன்பு படியிறங்கினேன். இந்த வயதில், இந்த மூட்டுவலியை வைத்துக்கொண்டு. துணி எடுத்துக்கொண்டிருந்த குழாயடி வீட்டுக்காரி நிமிர்ந்து, என்னைப் பார்த்து, என் இடுப்பைப் பார்த்து, உடனே திரும்பிச் சுவரில் இல்லாத ஆணியில் துணியை மாட்ட முயன்றாள். மேலே கோமதிநாயகத்தின் ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது. அது வழக்கத்தில் இல்லாதது, அவ்வளவு அக்கறை.

மெஹர் வீட்டு அடுப்பங்கரை வாசலைப் பார்த்தபடி இருக்கும். அவள் டீ போட்டுக்கொண்டிருந்தாள். செடி கட்டைச்சுவர்மேல், மூக்கு உடைந்த ஒரு பீங்கான் ஜாடியில், என்னுடையதைவிட நன்றாகக் கிளைத்து, நிறையப் பூத்து இருந்தது. நான் வாசலில் காலை வைத்ததும் அவள் கண் என் கண்ணில் பட்டது. ஒரு நொடி அவள் அப்படியே நின்றாள். நான் பார்த்த மாதிரி அவளும் பார்த்துக்கொண்டே நிற்கலாம், அதற்கு அவளுக்குச் சகல உரிமையும் இருந்தது. என் வாய் சும்மா இருக்கவில்லை, மெஹர், எனக்கு ஒரு, என்று ஆரம்பித்தேன். அவள் சட்டென்று முதுகைத் திருப்பி, மிக்ஸியின் மூடியைப் போட்டு, உள்ளே ஒன்றும் இல்லாத மிக்ஸியை ஓடவிட்டாள். என் மிச்ச வார்த்தை அதில் அரைந்துபோயிற்று.

எந்தக் கிளை, எந்தக் கணு என்று தெரியவில்லை, வெட்ட வரவில்லை. மிக்ஸி நின்றது. கீழே பனி கேட்டைத் தாண்டிவிட்டிருந்தது. கேட் ஓரத்து வீட்டில் செருமல் கேட்டது, பிறகு அதற்கு மேல்வீட்டில், பிறகு வளைவில், அவருடைய நடையில், அவருடைய மூச்சில், குழாயடி வீட்டில், பிறகு என் கைக்கடியில் இருந்த செடியில், ஓர் இழுப்பு, இரண்டு தட்டு. சுவர்ப்பக்கம் திரும்பியாயிற்று, எடுத்துக்கொள் என்று அர்த்தம். எனக்கு என்று அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் எங்கே யாரிடம் குச்சி எடுக்கப் போயிருக்கிறேன்? கணுவுக்குக் கீழே, சாய்வாக வெட்டினேன். வெட்டுவாயிலிருந்து வந்த வாசனை இரும்பும் ரோஜாவும் கலந்தது மாதிரி இருந்தது. முந்தானையில் சுற்றினேன். அடுத்தது என் வீட்டு முறை. முந்தானைக்குள் குச்சி செருமியது. அதற்குப் பிறகுதான் மேலே கோமதிநாயகம் வீட்டில் கேட்டது.

என்ன என்று நான் கேட்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றேன். போகவேண்டும், எடுத்தவள் நிற்கக் கூடாது, அதுவும் முறைதான். கால் வரவில்லை. மெஹர் அடுப்பைப் பார்த்தபடியே டீயை இரண்டு டம்ளரில் வடிகட்டினாள். ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு, மற்றதை, திரும்பாமலே, கையை மட்டும் பின்னால் நீட்டி, தடவிப் பார்த்து, கட்டைச்சுவர்மேல் வைத்தாள்.

“சர்க்கரை போடலை,” என்று அடுப்பிடம் சொன்னாள். “மேல்வீட்ல யாருக்கோ சுகர்னு கேள்வி.”

டம்ளரை எடுத்தேன். பனிக்கு அந்தச் சூடு உள்ளங்கையில் நன்றாக இருந்தது. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு வாயாக, அவசரமில்லாமல் குடித்தேன். கொதித்துக் கொதித்துக் கசந்துபோன டீ. தூளை அடுப்பை அணைத்த பிறகு போடவேண்டும் என்று இந்தப் பெண்ணுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் முறைப்படி நான்தான் இன்னும் அங்கே வரவேயில்லையே.